படம் ஒட்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு

காலை ஒன்பது மணிக்கே இரும்பு ஏணி உள்ளங்கையைச் சுட்டது. துருவும் ஈரப் பாசியும் கலந்த ஒரு மணம்... முருங்கன் பக்கத்துத் தண்ணீர்த் தாங்கியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

நேற்று நண்பர் ஒருவர் இந்தக் குழுவில் கட்டுக்கரை வயல்வெளியின் ட்ரோன் படம் ஒன்றைப் போட்டிருந்தார். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அது யுத்த காலம். நான் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞன். அந்த வருடம் கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் குறைவு. ஆகவே மாரியில், காலபோகத்தில் விதைத்த காணிகளுக்கு மட்டுமே கோடையில் வரும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதென்று தீர்மானித்திருந்தார்கள். யார் விதைத்தார்கள் என்று வயல் வயலாக நடந்து பார்க்க அனுமதி கிடைக்கவில்லை.

"தாங்கியிலை ஏறி முழுவதையும் ஒரே படமா எடுத்துத் தாரும்" என்றார் எங்கள் பொறியியலாளர்.

ஒரே படத்தில் அந்த வெளி அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும்.

நான் ஒட்டுப்பலகையில் வட்டம் வெட்டி, பதினெட்டுப் பாகைக்கு ஒரு கீறல் போட்டுக்கொண்டேன். கமராவை நெட்டாக நிறுத்தினால் ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வரும். அரைவட்டத்துக்குப் பதினொரு படம். கமரா சுழலும்போது அதன் கண் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள கம்பி ஒரு படத்தில் ஓரிடத்திலும் அடுத்ததில் வேறிடத்திலும் நிற்கும். வெளிச்ச அளவை முதல் படத்துக்கு வைத்தால் கடைசி வரை தொடக்கூடாது. காற்றுக்கு முக்காலி ஆடாமல் இருக்க, நடுவில் கல் நிரப்பிய உரப்பை ஒன்றைத் தொங்கவிட்டேன்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பீற்றர் கத்தினான். என்னோடு வேலை செய்தவன். "ஐசே, படம் எடுக்கிறீரோ, பூசை வைக்கிறீரோ? கெதியா இறங்கும்!"

என்னோடு மேலே வந்த ஆமிக்காரர் மூலையில் குந்தியிருந்தார். ஆறாவது படம் எடுத்து முடிந்ததும் எழுந்து, விரல்களை விரித்துக் கையைக் கமராவுக்கு முன்னால் நீட்டினார்.

"அங்க கேம்ப். போட்டோ எப்பா, வேணாம், ஐயா. மத்தது பரவாயில்ல."

முகாம் ஏழாவது கீறலுக்குள் மட்டும்தான் விழுந்தது. நான் கணக்குப் பார்த்தேன். அவர் கை விரிந்திருந்த அகலத்தையும் பார்த்தேன்... எட்டாவதையும் விட்டுவிட்டு ஒன்பதாவது கீறலுக்குத் திருப்பினேன்.

கறுப்பு வெள்ளைப் படங்கள். பயிர் நின்ற வயல் கடும் சாம்பலாகவும், தரிசு வெளிறியும் தெரிந்தன. ஆறாவதின் ஓரத்திலும் ஒன்பதாவதின் ஓரத்திலும் ஒரே சாம்பல். பிளேட்டால் சீவி, ஹாட்போர்டில் ஒட்டினேன். பொருத்தே தெரியவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன். அதை மறைக்க மாட்டேன்.

சிறுபோகக் கூட்டத்தில் அந்தப் பலகையை மேசையில் சாய்த்து வைத்தார்கள். கமக்காரர் ஒவ்வொருவராக வந்து தங்கள் வயலைக் காட்ட, பொறியியலாளர் பெயரை எழுதினார். பின் வரிசையில் முகாமிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய பதினெட்டுக் குடும்பங்களுக்காகப் பாக்கியம் என்ற பெண் வந்தார். படத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரண்டு தடவை பார்த்தார்.

"ஐயா, எங்க வயல காணோங்களே."

"எவடத்திலை அம்மா?"

"கேம்ப்புக்கு அந்தாண்டங்க."

முன் வரிசையில் ஒருவர் சொன்னார்: "காம்பையே காணேல்லை, இவ வயலைத் தேடுறா!"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பின் வரிசையை நினைத்துக்கொண்டு சிரிப்பை நிறுத்தினார்கள்.

பாக்கியம் சிரிக்கவில்லை. "அப்ப நாங்க வெதச்சது பொய்யிங்களா? இந்தத் தண்ணியும் இல்லன்னா நாங்க திரும்பவும் கூலிக்குத்தான் போகணும்."

பொறியியலாளர் என்னைப் பார்த்தார். "எல்லாம் வந்திருக்குத்தானே?"

பாத்துச் சொல்றன் சேர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எந்தக் கேள்விக்கும் நான் அப்படித்தான் சொல்வது வழக்கம். ஆனால் பேரேட்டில் அடுத்த பெயர் எழுத அவர் பேனாவை எடுத்துவிட்டார்... பார்த்துச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தேன். ஆறாவதும் ஒன்பதாவதும் சந்தித்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை.

"சேர், இந்த இடத்திலை ரெண்டு படம் இல்லை. ஒண்டு எடுக்கக் கூடாதெண்டது. மற்றது எடுத்திருக்கலாம். நான் பயத்திலை விட்டனான். இவையின்ரை வயல் அதுக்குள்ளைதான்."

பின் வரிசையில் கதிரை ஒன்று அசைந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கோட்டுக்குள்ளை எத்தினை ஏக்கர், அம்மா?"

"இருபத்தேழுங்க."

எழுதினார். அந்தச் சிறுபோகத்தில் அவர்களுக்கும் முறைத் தண்ணீர் போனது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று பல வாரம் பயந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நண்பர் போட்ட படம் நான் ஒட்டிய ஒன்பதைவிட எவ்வளவோ தெளிவு. ஏணியும் இல்லை, கல்லுப்பையும் இல்லை. சுழல்வதும் ஒட்டுவதும் எல்லாம் இயந்திரமே செய்கிறதாம். போனில் பெரிதாக்கி, பொருத்து எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. என் கண்ணும் இப்போது அவ்வளவு சரியில்லை.

'இதில் எதுவும் விடுபடவில்லையா?' என்று அவருக்கு எழுதிக் கேட்டேன்.

ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறார். ஓம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று தெரியவில்லை... திரும்பக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கத்தான் போகிறேன்.