தைலம்மாளின் இடது கண்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருக்கும் மரம் அறுக்கும் மில்லில் தைலம்மாள் இருபத்திரண்டு வருஷம் மரத்தூள் கூட்டி மூட்டை கட்டினாள். சேர்ந்தபோது மகள் வெண்மதி மூன்றாம் வகுப்பு. பிறகு கணவர் கலியபெருமாள் இறந்தார். வெண்மதி படித்து டீச்சரானாள். தைலம்மாள் மட்டும் அதே தூளில் நின்றாள்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் இடது மூக்கு அடைத்துக்கொண்டது. சைனஸ் என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டே எட்டு மாதம் ஓட்டினாள். ஒருநாள் குனிந்து கூட்டும்போது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மில் முதலாளி ரங்கநாதன்தான் வெண்மதிக்குப் போன் செய்தார்.

புதுச்சேரியில் ஸ்கேன், சதைப் பரிசோதனை. அங்கிருந்து சென்னை. மூக்குக்குள்ளும் கன்ன எலும்புக்குப் பின்னும் புற்றுநோய். இடது கண்ணை ஒட்டி நின்றது. வருஷக்கணக்கில் மூக்கில் ஏறிய மரத்தூள் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர் ஜெயஸ்ரீ. யார்மேல் கோபப்படுவது என்று தைலம்மாளுக்குத் தெரியவில்லை.

"கண்ணையும் சேத்து எடுத்துடலாம். இல்லன்னா, கண்ணை விட்டுட்டு முடிஞ்ச வரைக்கும் எடுப்போம், மிச்சத்துக்குக் கதிர் குடுப்போம்," என்றார் டாக்டர். "ரெண்டு வகைக் கதிர்மா. முதல்ல எக்ஸ்ரே மாதிரி, முகம், கழுத்து எல்லாத்துக்கும். அது ஊடுருவி அந்தப் பக்கம் போயிடும். கடைசி ரெண்டு வாரம் புரோட்டான். அது நாங்க வெக்கிற ஆழத்துலயே நின்னுடும். கண்ணுக்கும் மூளைக்கும் பாதிப்பு குறையும்."

"கண்ணு தப்பிக்குமா?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. வாய்ப்பு இருக்கு."

"அப்போ கண்ணு இருக்கட்டும்."

ஆபரேஷன் புண் ஆறியதும் கதிர் தொடங்கியது. மொத்தம் முப்பத்து மூன்று நாள். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி முகமூடி செய்தார்கள். தினமும் அதை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டினார்கள். உள்ளே இருந்த கால்மணி நேரம் வலிக்கவில்லை. வலி பிறகுதான் வந்தது. மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண்ணானது. கன்னம் கறுத்தது. நான்கு படி ஏறினால் உட்கார வேண்டியிருந்தது. தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருந்தாள். லீவு போட்டுச் சென்னையில் கூடவே தங்கியிருந்த வெண்மதி கஞ்சியை ஆற்றி வைத்துக் காத்திருப்பாள். கஞ்சி அப்படியே இருக்கும்.

இருபத்திரண்டாம் நாள், வெண்மதி மருந்துக்கு வரிசையில் நின்றபோது, தைலம்மாள் பையை எடுத்துக்கொண்டு செஞ்சி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வெண்மதியும் செஞ்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"இன்னாம்மா இப்படிப் பண்ணிட்ட?"

"முடியலடி. போதும்."

வெண்மதி சண்டை போடவில்லை. "எனக்குந்தாம்மா முடியல," என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். தைலம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இவள் இளைத்ததைத் தான் கவனிக்கவே இல்லை.

இரண்டு நாள் இருவரும் வீட்டிலேயே கிடந்தார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும் தைலம்மாள் மகளை எழுப்பினாள்.

"கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாவுது. வாயத் தொறக்கவே முடியலன்னு அந்த டாக்டரம்மாகிட்ட நான் சொல்லல. சொல்லிப் பாக்கறேன்."

டாக்டர் திட்டவில்லை. வலிக்கு வேறு மருந்தும், சாப்பிடுமுன் வாய் மரத்துப்போக ஒரு திரவமும் கொடுத்தார். விட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் சேர்த்தார்கள். பிறகு புரோட்டான், வேறு அறை, பெரிய இயந்திரம். கதிர் மாறியதே தவிர களைப்பு மாறவில்லை. முப்பத்து மூன்றையும் முடித்தாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை. கண் பார்க்கிறது, ஆனால் ஓயாமல் நீர் வடிகிறது. வாசனை போனது போனதுதான். தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவ வேண்டும்.

ரங்கநாதன் வேலைக்குக் கூப்பிட்டார். "நான் வரலங்க. அங்க கூட்டற பொம்பளைங்களுக்கு மாஸ்க் வாங்கிக் குடுங்க. தண்ணி தெளிச்சிட்டுக் கூட்டச் சொல்லுங்க," என்றாள். அவர் வாங்கித் தந்தார். புழுக்கத்தில் பாதிப் பேர் போடுவதில்லை என்று கேள்விப்பட்டு, தைலம்மாளே ஒருநாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

போன மாதமும் சென்னையில் ஸ்கேன் எடுத்துவிட்டு இருவரும் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாங்களேம்மா, சந்தோஷமா இல்லியா?"

"சந்தோஷந்தாண்டி. தூக்கமா வருது," என்று தைலம்மாள் மகள் தோளில் சாய்ந்தாள். பஸ் திண்டிவனத்தைக்கூட இன்னும் தாண்டவில்லை.