சஸ்பென்ஷனுக்கு வைத்த பொட்டு

என் கணவருக்கு வலது கை விரல்கள் ஒருமுறை மரத்துப்போயின. கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். செல்போன் பழுதுபார்ப்பது என் கணவரின் தொழில். கடுகைவிடச் சின்னச் சாமான்களைப் பற்றவைக்கிற விரல்கள் அவை. சில வாரங்கள் அவருக்குச் சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிட்டேன். பிறகு உணர்ச்சி மெல்லத் திரும்பியது. டாக்டர் அதற்காகப் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை.

"இன்னொரு தடவை கழுத்துல பெருசா அதிர்ச்சி விழுந்தா, இதே மாதிரி தானா சரியாகும்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்று என்னிடம் சொன்னார். என் கணவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார் போலும்.

காரணம் அந்த சைக்கிள். தடித்த டயரும் முன்பக்கம் சஸ்பென்ஷனும் வைத்த மலை சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலை தாண்டி, கரட்டு மேட்டுக்கு ஏறுகிற மாட்டுத் தடத்தில் போய்விடுவார். சைக்கிளை விடுங்கள் என்றால் என்னை விட்டுவிடுவார் போலிருந்தது. சரி, ஓட்டித் தொலையட்டும், குலுக்கலாவது கழுத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்று நானும் இறங்கினேன். நான் கணக்கு டீச்சர். அளந்து சரிசெய்ய முடிகிற விஷயம் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் அந்த இரண்டு கால்களில் மேலே பளபளவென்று ஒரு குழாய். அது கீழே இருக்கிற தடித்த குழாய்க்குள் இறங்கி ஏறும். உள்ளே அடைத்த காற்றுதான் ஸ்பிரிங். குழாய் நுழையும் வாயில் ரப்பர் சீல் இருக்கிறது. எண்ணெயை உள்ளேயும் மண்ணை வெளியேயும் நிறுத்துவது அதன் வேலை. காற்று கம்மியாக இருந்தால் சவாரி பஞ்சு மெத்தை, ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி மூக்கால் குத்திக்கொண்டு நிற்கும். ஜாஸ்தியாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் கழுத்துவரை வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

ஹாலில் வைத்துத்தான் அளந்தோம். ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அவர் சைக்கிள் மேல் உட்கார்ந்தார். நான் ஸ்கேலோடு கீழே மண்டியிட்டேன்.

"கால்வாசிதான் இறங்கணும். ஆடாதீங்க."

"நான் எங்க ஆடறேன்? நீ விடற பெருமூச்சுலதான் வண்டி ஆடுது."

அதற்கென்று இருக்கும் சின்னப் பம்ப்பால் காற்றை ஏற்றி, கொஞ்சம் விட்டு, திரும்ப ஏற்றினோம். அமுங்கிய சஸ்பென்ஷன் துள்ளி மேலே வந்தால் அதுவே கழுத்துக்கு ஒரு குட்டு என்பதால், அடியில் இருந்த திருகைத் திருப்பி அதையும் நிதானப்படுத்தினோம். மறு ஞாயிறு அவர் திரும்பி வந்து, வாசலிலேயே நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

கடையில் சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், சைக்கிளைக் கழுவி, மாலை போட்டார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். நிலைவாசலுக்குப் பூசுவதுபோல, அந்தப் பளபளத்த குழாய்கள் இரண்டிலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தை அழுத்தி வைத்தார்.

"அங்க வேணாங்க. அது உள்ள போய் வர்ற குழாய். துடைச்சிடுங்க."

"பூஜை பண்ணதை யாராவது துடைப்பாங்களா? தானா உதிரட்டும்."

எங்கள் ஊரில் பஸ், லாரி, மாவு மிஷின் எதிலும் பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. அடுத்த பூஜைவரை ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவும் அதே ஜாதி என்று நினைத்துவிட்டார். நான் துணியை எடுத்தேன். அவர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குப் போட்ட சண்டையில் பொரியும் கடலையும் தொடுவாரில்லாமல் கிடந்தன.

காய்ந்த சந்தனம் மணல் மாதிரிதான். அதோடு ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் குழாய் அந்தத் தூளை இழுத்துக்கொண்டு சீலுக்குள் போய் வந்திருக்கிறது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த வாரம், "இப்பதான் வண்டி நல்லா பழகியிருக்கு. மெத்துனு போகுது" என்றார். அந்த 'மெத்து' எனக்குப் பிடிக்கவில்லை. அன்று குனிந்து பார்த்தேன். குழாயைச் சுற்றி எண்ணெய் கசிந்து, குங்குமத்தோடு குழைந்து, செங்கல் நிறத்தில் ஒரு வளையம் கட்டியிருந்தது. காற்றும் கசிந்து, காலையில் நிமிர்ந்து நிற்கும் வண்டி சாயங்காலத்துக்குள் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தது.

பெரிய கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய், குழாயில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சீல் போயிடுச்சும்மா. மெட்ராஸ்ல இருந்து வரவழைக்கணும், அது வரைக்கும் ஓட்ட வேணாம்" என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன், கேட்டேன்."

அடுத்த ஞாயிறு பம்ப்பை எடுத்து காற்றை ஏற்றிக்கொண்டிருந்தார். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. "கூட்டம் வந்துட்டா அந்தப் பக்கமே போக முடியாது. இந்த ஒரு வாட்டி. காத்துதான் நிறைய அடிச்சிருக்கேனே" என்றார். நான் கத்தினேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேறு என்ன செய்ய?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். முந்தின நாள் பெய்த மழை மேட்டுத் தடத்தை அறுத்துப் போட்டிருக்கும் என்று தெரியும். மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டியது. போன் அடித்தேன், அவர் எடுக்கவில்லை. ஏறும்போதே காற்று கசிந்துகொண்டிருக்கும், இறக்கத்துக்கு வரும்போது உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று என் மூளை வேண்டாத கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். முழங்காலில் சேறு.

"பள்ளத்துல முன்னாடி அப்படியே உக்காந்துடுச்சு. அடிவரைக்கும் போய் டொக்குனு அடிச்சுது. விழல, காலை ஊனிட்டேன்."

"கழுத்து?"

"ஒண்ணும் இல்லடி. பாரு."

இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். வலி இல்லை. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்ததெல்லாம் மறந்துபோய், அவருக்கும் ஒரு டீ சொன்னேன். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார் கடைக்காரர். என் கிளாஸை முந்தானையால் சுற்றி விளிம்பில் பிடித்துக்கொண்டேன். என் கணவர் தன் கிளாஸை வலது கையால் முழுசாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, மழையைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, அவருக்குக் கேட்காதபடி சொன்னார்.

"ஆறின டீயைக் குடுத்துட்டாரு பாரு."

நான் அவருடைய கிளாஸைத் தொட்டேன். என் விரல் சுட்டுக்கொண்டு பின்னால் வந்தது. அவர் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.