அத்தான் காருக்குள் இருந்த ஞாயிறுகள்

எங்கள் சபை இரண்டாக உடைந்தபோது எங்கள் வீட்டில் ஒரே ஒரு கார்தான் இருந்தது. உடைத்தவர்கள் அதை யோசிக்கவில்லை. வேதத்தை யோசித்தார்கள், மனசாட்சியை யோசித்தார்கள், வரப்போகும் தலைமுறையை யோசித்தார்கள். கனடாவின் பிக்கரிங் நகரில் ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு கிழவர்களில் ஒருவர் பிரிந்துபோய் மற்றவர் தங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை யார் எப்படிப் போய்ச் சேருவது என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

பிரிந்துபோனவர் அத்தான், என் அக்காவின் கணவர். அக்கா இறந்த பிறகு எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறார். கண்ணில் கிளாக்கோமா வந்து பார்வை மங்கியதால் கார் ஓட்டும் லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். தங்கியவன் நான். காரும் என்னுடையது. ஆகவே, வழிதவறியவன் என்று அவர் நினைக்கும் நான்தான் ஒவ்வொரு ஞாயிறும் அவரைச் சரியான வழியில் கொண்டுபோய் இறக்கவேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். ஸ்காபரோவில் ஒரு பழைய செங்கல் கோயிலில் கூடும் தமிழ் மெதடிஸ்த சபை எங்களுடையது. காலையில் அங்கே ஆங்கில ஆராதனை, பின்னேரம் இரண்டரைக்கு எங்களுடையது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் திருமணத்தை, விரும்பிய போதகர்கள் நடத்திவைக்கலாம் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். எங்கள் சபையில் அப்படியொரு திருமணத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் எந்தத் திருமணத்துக்கும் இன்னும் சம்மதிக்கவில்லை என்பதுதான் எங்கள் பெரிய கவலையாக இருந்தது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று வந்து கதவைத் தட்டினால், திறக்காமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியாது.

இலையுதிர் காலம் முழுக்கக் கூட்டம். எவ்வளவு சூடாகப் போனாலும் சாப்பிட ரோல்ஸ் வந்தவுடன் ஆறிவிடும். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒருவரை ஒருவர் நரகத்துக்கு அனுப்பியவர்கள் சோஸ் போத்தலைக் கைமாற்றிக்கொண்டார்கள். கடைசிக் கூட்டத்தில் அத்தான் எழுந்தார். நெடுங்காலம் எங்கள் சபையின் உக்கிராணக்காரர் அவர். காணிக்கைத் தட்டு முதல் கதிரை வரைக்கும் அவர் பொறுப்பு.

"இண்டையோட நான் இந்தக் கோயில் வாசலுக்குள்ள கால் வைக்கமாட்டன்" என்றார்.

ஒரு பக்கம் கைதட்டியது. மறுபக்கம் அழுதது. அத்தான் அதைச் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கூட்டம் முடிந்தால் கதிரைகளை மடித்து அடுக்குவது அவர் வழக்கம். எல்லாவற்றையும் மடித்து, சமையலறை லைட்டை நிறுத்தி, கடைசி ஆளாகத்தான் வெளியேறினார். நான் காரில் காத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி மன்னார்க் கத்தோலிக்கப் பெண். சனிக்கிழமை பின்னேரமே பூசை கண்டுவிட்டு ஞாயிறு முழுக்கக் கால் நீட்டி இருப்பவள். அன்று இரவுச் சாப்பாட்டில் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்கள் கத்தோலிக்கரை விட்டுப் போன நாள் துவக்கம் பிரிஞ்சுகொண்டுதானே இருக்கிறியள். இன்னும் முடியேல்லையோ?"

இரண்டு மெதடிஸ்தர்களும் அன்று முதல் தடவையாக ஒரே கட்சியில் நின்று புட்டைப் பிசைந்தோம்.

அத்தானை நான் கேலி செய்வேன். ஆனால் அவர் சொன்ன ஒரு காரணத்தை மட்டும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது சொன்னார். "தம்பி, ஊர் மாறிச்சு. நாடு மாறிச்சு. வேலை, பாஷை, சாப்பாடு எல்லாம் மாறிச்சு. உன்ர அக்காவும் போயிட்டாள். இது ஒண்டாவது விட்ட இடத்தில கிடக்கட்டும் எண்டு நினைக்கிறன். அதுவும் பிழையோ?"

நான் லேனை மாற்றுவதுபோலக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன்.

நான் தங்கியதற்கும் பெரிய இறையியல் கிடையாது. கடவுள் அவ்வளவு சுலபமாகக் கோபிக்கிறவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபிக்கிறவராக இருந்திருந்தால் எங்கள் பாடகர் குழுவைக் கேட்டே எப்போதோ எழும்பிப் போயிருப்பார். அதைவிட, அக்காவின் சவப்பெட்டி அந்த வாசலால்தான் வெளியே போனது. அந்த வாசலை விட்டுவிட்டு வேறொரு வாசலுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

பிரிந்துபோனவர்கள் ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அங்கே காலை பதினொன்றுக்கு ஆராதனை. அவரை இறக்கிவிட்டுப் பிக்கரிங்குக்குத் திரும்பி, மறுபடி ஓடிவர எனக்கு என்ன விசரா? முதல் இரண்டு ஞாயிறும் ஒரு கோப்பியோடு கார்த் தரிப்பிடத்தில் இருந்தேன். மூன்றாம் ஞாயிறு குளிர் எலும்பைத் தொட்டது. ஹீட்டருக்காக உள்ளே போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். பாஸ்கட்போல் வளையத்துக்கு நேர் கீழே ஒரு மேசை, அதில் வெள்ளைத் துணி, அதன்மேல் சிலுவை. மனந்திரும்பி வந்த ஆட்டுக்குட்டியைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய போதகர் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பாட்டுகள் அதே பாட்டுகள். செபமும் அதே செபம். பிரசங்கம் மட்டும் எங்களுடையதைவிட நீளம்.

பின்னேரம் என் முறை. அத்தானுக்கு வேறு போக்கிடம் இல்லை, என்னோடு பழைய கோயிலுக்கு வரத்தான் வேண்டும். வாசலுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவர் ஆயிற்றே, காருக்குள்ளேயே இருப்பார். குளிருக்குக் காரை ஓடவிட்டு, சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, அவரிடமே விட்டுவிட்டு நான் உள்ளே போவேன்.

"குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில நிப்பாட்டு" என்பார். "சன்னலுக்குக் கிட்ட வேண்டாம். பாட்டுக் கேக்க வந்து நிக்கிறன் எண்டு நினைப்பினம்."

எங்கள் அன்ரிமார் பனியில் வழுக்கி வழுக்கிக் காருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தார். தேத்தண்ணி விஷயத்தில் அவர் கொள்கை எதுவும் வைத்திருக்கவில்லை. இப்படியே ஒரு குளிர்காலம் ஓடியது. நான் வாரத்துக்கு இரண்டு ஆராதனை கண்டேன், அவர் ஒன்றரை.

ஜூன் மாதம் அக்காவின் நினைவுநாள் வந்தது. அங்கேதான் சிக்கல்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒருவர் இறந்த நாளை ஒட்டி வரும் ஞாயிறில், குடும்பத்தார் ஆராதனை மேசைக்குப் பூக் கொடுப்பார்கள். ஆராதனைத் தாளில் பெயர் போடுவார்கள், போதகர் அதை வாசித்து செபிப்பார். அக்கா உயிரோடு இருந்தபோது அந்தப் பூக்களையெல்லாம் அடுக்கியவளே அவள்தான். எங்கள் வீட்டுப் பின்வளவில் பியோனிப் பூச்செடிகளை நட்டவளும் அவள்தான். அவளும் அத்தானும் அப்போது இருந்த அப்பார்ட்மென்டில் மண் இல்லை என்று என் புல்லைக் கேட்காமல் வெட்டி நட்டாள். ஒவ்வொரு ஜூனிலும் கைகொள்ளாமல் வெட்டிக்கொண்டு வந்து, கோயில் படியில் நின்று ஒவ்வொரு பூவாகத் தலைகீழாகப் பிடித்து உதறுவாள். உதறி முடிய நேரம் எடுக்கும். அத்தான் வாசலில் நின்று, "மணி அடிச்சாச்சு, வாருமப்பா" என்று கத்துவார். அவள் அசையமாட்டாள்.

இந்த வருடம் நான் எங்கள் பெண் போதகரிடம், நாங்கள் போதகர் அம்மா என்கிறவரிடம், பூ என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அத்தான் தங்கள் போதகரிடம் பூ தன்னுடையது என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் நினைத்துக்கொண்டு சொன்னோம். அந்தக் கிழமை மழை அடித்துப் பாதிப் பூவைக் கொட்டிவிட்டது. சனிக்கிழமை காலை, மிஞ்சியதை வெட்டிக் குசினி மேசையில் வைத்துவிட்டு இருவரும் சண்டை பிடித்தோம்.

"அவள் என்ர மனுசி."

"உங்களுக்கு மனுசியாக முதலே எனக்கு அக்கா."

"அந்தக் கோயிலில அவளின்ர பூவை வைக்க நான் விடமாட்டன்."

"உங்கட கோயில் மட்டும் கோயிலோ? பந்தடிக்கிற இடம்!"

என் மனைவி பூக்களை எடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டு வைத்தாள். "அவ இருந்தா ரெண்டு பேருக்கும் பூ இல்லையெண்டு சொல்லியிருப்பா" என்றாள். அத்தானுடைய முகத்தைப் பார்த்தேன். கொடுக்கத்தான் வேண்டும் என்று பட்டது. "கொண்டுபோங்கோ" என்றேன். நல்ல குரலில் சொல்லவில்லை. அக்காவின் பூ மற்றப் பக்கம் போகிறது என்று எங்கள் போதகர் அம்மாவிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை வெக்ஸ்போர்டில், வெள்ளைத் துணியின்மேல் வாளியோடு பூ. வளையத்தின் கீழே அவை வடிவாகத்தான் இருந்தன, சொல்லாமல் இருக்கக்கூடாது. முதல் பாட்டு முடிவதற்குள் எறும்பு வெளியே வரத் தொடங்கியது. பியோனி மொட்டுக்குள் எறும்பு குடியிருக்கும். அது துணியில் வரிசை கட்டி, திறந்திருந்த வேதப் புத்தகத்தில் ஏறியது. போதகர் ஒரு வசனம் வாசித்தார், ஒருதரம் ஊதினார். மறுபடி ஒரு வசனம், ஒரு ஊதல். பிள்ளைகள் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அத்தானைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. குற்றம் செய்த பிள்ளைபோலக் குனிந்துகொண்டிருந்தார்.

ஒன்றரைக்கு மண்டபத்தை விடவேண்டும். பாட்மின்டன்காரர்கள் வலையோடு வாசலில் நின்றார்கள். பூவை அங்கே விட்டுவிட்டு வர முடியாது. அத்தான் வாளியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். சிறிது தூரம் போனதும் சொன்னார்.

"அவள் ஏன் அப்பிடி நிண்டு உதறுறவள் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை, தம்பி. நேரம் போகுது எண்டு கத்தினதுதான் மிச்சம்."

பழைய கோயிலில் வழக்கம்போல் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நல்ல வெயில்.

"பூ வாடிப்போம். நீ உள்ள கொண்டுபோய் வை" என்றார்.

காலையில் சிரித்ததற்கு வெட்கம், சனிக்கிழமைக் கோபத்தின் மிச்சம், எல்லாம் சேர்ந்து எனக்குத் தலைக்கேறியது. "உங்கட பூ. நீங்கள் கொண்டு வாறதெண்டா வாங்கோ" என்று சொல்லி, எஞ்சினை நிறுத்திவிட்டு நடந்தேன். பாதி வழியில்தான் திறப்பும் என் கையில் இருப்பதைக் கண்டேன். திரும்பிப் போகவில்லை.

உள்ளே மேசையில் பெரிய பித்தளைச் சாடி, அக்கா பாவித்தது. யாரோ துலக்கி, தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். அதற்குள் ஒன்றும் இல்லை. ஆராதனைத் தாளை விரித்தேன். இன்றைய பூக்கள் அக்காவின் நினைவாக, கணவரும் தம்பியும் கொடுத்தது என்று போட்டிருந்தது. கணவர் என்று நான் சொல்லியிருக்கவே இல்லை. போதகர் அம்மா தானாகவே சேர்த்திருந்தார். அவர் அதை வாசித்தபோது எல்லோரும் வெறும் சாடியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

பார்க்க முடியாமல் திரும்பினேன். வெக்கைக்கு வாசற்கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். வெளியே படியில் அத்தான் நின்றார். வாளி காலடியில். ஒரு பூவை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, மெல்ல உதறினார். கண்ணுக்குக் கிட்டவாகக் கொண்டுவந்து பார்த்தார். எறும்பு இருக்கிறதா என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது? மறுபடியும் உதறினார். அடுத்த பூ. போதகர் அம்மா செபத்தைத் தொடங்கவில்லை. ஒருவரும் மணியைப் பார்க்கவில்லை. அக்கா எடுத்த நேரத்தைவிட அவர் கூட எடுத்தார்.

பிறகு வாசலுக்குள் கால் வைத்தார்.

நடுவால் நடந்துபோய், பூக்களைச் சாடியில் வைத்து, உயரமானதை முன்னுக்கு இழுத்துவிட்டார். அவளும் அப்படித்தான் செய்வாள். அது எனக்கு மறந்துபோயிருந்தது, அவருக்கு மறக்கவில்லை. நான் அழுதேன். கைலேஞ்சி கிடைக்காமல் ஆராதனைத் தாளால் துடைத்தேன்.

திரும்பி வரும்போது நான் இருந்த நீள வாங்குக்குப் பக்கத்தில் நின்று, கோயில் முழுக்கக் கேட்கும் ஒரு இரகசியக் குரலில் சொன்னார்: "கார்த் திறப்பைத் தா."

"செபம் முடியட்டும், தாறன்."

செபம் முடிந்தது. உடனே பாட்டுத் தொடங்கியது. அவர் இருக்கட்டும் என்று வாங்கில் இடம் விட்டேன். இருக்கவில்லை. நடைபாதையிலேயே நின்று, கையை நீட்டியபடி, முழுப் பாட்டையும் அடிக்குரலில் பாடினார். ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் பாட்டில் இல்லாமல் இருந்த குரல் அது. பாட்டு முடிந்ததும் கை அப்படியே நீண்டிருந்தது. திறப்பைக் கொடுத்தேன். போய்விட்டார்.



அடுத்த ஞாயிறு வெக்ஸ்போர்டுக்குப் போனோம், பிறகு பழைய கோயிலுக்கு வந்தோம். நான் குப்பைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.

"அங்க வேண்டாம்" என்றார் அத்தான். "சன்னலுக்குக் கிட்ட நிப்பாட்டு. அதில நிழல்."

அந்தப் பக்கத்தில் ஒரு மரமும் கிடையாது. நான் கொண்டுபோய் நிறுத்தி, அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே போனேன்.