வெள்ளைக் கட்டையா, சிவப்புக் கட்டையா

கோல்ஃப் மைதானத்தில் வேலை என்று சொன்னால் எங்கள் தெருவில் புல் வெட்டும் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். புல் வெட்ட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் போட்டி அலுவலகத்தில் இருக்கிறேன். யார் யாரோடு ஆடுகிறார், எத்தனை மணிக்குப் புறப்படுகிறார், எந்தக் கட்டையிலிருந்து அடிக்கிறார் என்று பட்டியல் போட்டு ஒட்டுவது என் பொறுப்பு. இதில் கடைசியாகச் சொன்னதுதான் வம்பு பிடித்தது.

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்க ஒரு மேடை உண்டு. அங்கே புல்லில் இரண்டிரண்டாக வர்ணக் கட்டைகள் கிடக்கும். அவற்றுக்கு நடுவில் பந்தை வைத்து அடிக்க வேண்டும். வெள்ளைக் கட்டை பின்னால் இருக்கும், சிவப்புக் கட்டை ஐம்பது கஜம் முன்னால். சிவப்பிலிருந்து அடித்தால் தூரம் குறைவு, அடிகளும் குறையும்; குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் ஜெயம். ஆனால் பெண்கள் அங்கிருந்துதான் ஆடுகிறார்கள் என்பதால் ஆண்களுக்கு அந்தப் பக்கம் போகக் கால் வராது. போனால், "என்னப்பா, வளையல் எங்க?" என்று கூட ஆடுகிறவர்களே கேட்பார்கள்.

அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் ஒரு போட்டி நடத்துகிறோம். எந்தக் கட்டை என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று வெகுநாள் விட்டிருந்தார்கள். கௌரவம் பார்த்தவர்கள் வெள்ளையில் நின்று தோற்றார்கள். பார்க்காதவர்கள் சிவப்பில் நின்று ஜெயித்தார்கள். ஒருமுறை பரிசாக வைத்த ஹாட்பாக்ஸுக்காக இரண்டு பெரியவர்கள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். மூத்தோர் குழுவுக்கு ஒரு கேப்டன் உண்டு, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்த ரகளைக்கு ஒரு ரூல் எழுதிக் கொண்டா மேன்" என்றார்.

நான் எழுதினேன். எழுபது வயது முடிந்தவர்கள் சிவப்பு, முடியாதவர்கள் வெள்ளை. எல்லோரிடமும் ஆதார் நகல் வாங்கிப் பிறந்த தேதியைக் கணினியில் ஏற்றிப் பட்டியல் அச்சடித்தேன். யாரும் வாய் திறக்க முடியாத ரூல் என்று எனக்கே பெருமையாக இருந்தது. போட்டிக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதைப் பலகையில் ஒட்டினேன்.

அன்று மதியமே ஒருவர் வந்தார். அரசுத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். அவர்கள் பயிர் வைத்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. பல்லாவரம் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

"தம்பி, என்னப் போயி வெள்ளையில போட்டிருக்கியே."

"உங்களுக்கு அறுபத்தெட்டுதானே சார். எழுபது முடிஞ்சாதான் சிவப்பு."

"அறுபத்தெட்டுன்னு யாரு சொன்னா?"

"ஆதார் சொல்லுது சார்."

"ஆதாருக்கு யாரு சொன்னா?" என்று சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "ஒம்பது வயசுலதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதுவரைக்கும் மாடு பார்த்துக்கிட்டிருந்தேன். அவ்ளோ பெரிய பையன ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சா இன்ஸ்பெக்டர் கேப்பாருன்னு எட்மாஸ்டர் மூணு வருஷத்த வெட்டிட்டாரு. ஜூன் ஒண்ணுன்னு ஒரு தேதியும் போட்டுட்டாரு."

"அப்ப உங்களுக்கு எழுபத்தொண்ணா சார்?"

"கத்தாதப்பா. அந்தத் தேதிய வெச்சுத்தான் மூணு வருஷம் கூட வேலை பார்த்தேன். இப்ப ஒரு கோல்ஃப் கட்டைக்காக எழுபத்தொண்ணுன்னு சொன்னா, நாலு பேரு என்ன பேசுவான்?"

அவருடைய பிரச்சினை ஏழாவது குழி. அங்கே மேடைக்கு முன்னால் குளம். வெள்ளைக் கட்டையிலிருந்து அக்கரைக்கு நூற்றைம்பது கஜம். பந்து தரையில் படாமல் அவ்வளவு தூரம் பறக்க வேண்டும். தோள்பட்டை வலி வந்த பிறகு அவர் அடி நூற்றிமுப்பதைத் தாண்டுவதில்லை.

"வளையல் கிண்டலுக்குப் பயந்து வெள்ளையிலயே நின்னு, மூணு மாசமா அந்தக் குளத்துக்கு ரெண்டு ரெண்டு கோல்ஃப் பாலா தானம் பண்ணிக்கிட்டிருக்கேன். ரூல் வந்தா கௌரவமா சிவப்புக்குப் போயிடலாம்னு பார்த்தேன். கூட ஆடறவங்க மூணு பேரும் கரையில நின்னு வாட்ச பாக்கறாங்க. வாயத் தொறந்து திட்டினாலும் பரவாயில்ல. ஒண்ணும் சொல்றதில்ல, அதான் பேஜாரா இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான்னா கோல்ஃப் செட்ட யாருக்காச்சும் குடுத்துட்டு வீட்ல உக்காந்துடுவேன். சும்மா சொல்லல."

சும்மா சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது. அந்த மூன்று பேரைத் தவிர வேறு யாரோடும் அவர் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

அவர் போன பிறகு ஆதார் நகல்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் மே, ஜூனில் பிறந்திருந்தார்கள். தேதிகளை ஏற்றும்போதே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. என் சான்றிதழ்ப்படி என் தங்கை என்னைவிட ஆறே மாதம் சின்னவள். அம்மாவிடம் யாராவது அதைச் சொன்னால், "நான் இன்னா மிஷினா?" என்று கேட்பாள். ஆனால் எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்த காகிதம் பொய் சொல்லும் என்று யோசித்துப் பழகவில்லை.

சனிக்கிழமை கேப்டனிடம் போய் ஒருவருக்கு மட்டும் விலக்கு கேட்டேன்.

"யாருக்கு? எதுக்கு?"

"அது சொல்ல முடியாது சார்."

"அப்ப என்னாலயும் முடியாது. நேத்து நீயே எழுதின ரூல இன்னைக்கு நீயே உடைக்கறியா?"

அந்த இடத்திலேயே வேறு ஒரு யோசனை சொன்னேன். வயதை விட்டுவிடலாம், அடிக்கிற தூரத்தை அளக்கலாம். முதல் குழியில் நூற்றியெண்பது கஜத்தில் சுண்ணாம்புக் கோடு. ஆளுக்கு மூன்று பந்து. ஒன்றாவது கோட்டைத் தாண்டினால் வெள்ளை, இல்லாவிட்டால் சிவப்பு. கேப்டனுக்குப் பிடித்துவிட்டது. பொறியாளர் நூற்றியறுபதுக்கு மேல் உருட்டியதில்லை என்பதால் எனக்கும் நிம்மதி.

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள். ஒருவர் அடிக்க மற்ற முப்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். தோற்றுப்போனால் லாபம் என்கிற பரீட்சையில்கூட, நாலு பேர் பார்க்கும்போது யாரும் தோற்க விரும்புவதில்லை. வாழ்நாளில் அடிக்காத அடியெல்லாம் அன்று அடித்தார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இன்னா சார், மரமா வெட்டறீங்க?" என்று கேட்டுக்கொண்டே, ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கும் கேடி ஒருவர் அவரைத் தாங்கிக்கொண்டு போனார்.

பொறியாளரின் முதல் இரண்டு பந்தும் கோட்டுக்கு ரொம்ப முன்பே நின்றுவிட்டன. பின்னாலிருந்து ஒரு குரல், "சாருக்கு ஒரு டஜன் வளையல் பார்சல்!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைத்தார். மூன்றாவது பந்தை ஓங்கி அடித்தார். அது தாழப் போய்க் காய்ந்த தரையில் விழுந்து உருண்டு உருண்டு கோட்டை ஒரு அடி தாண்டி நின்றது. கைதட்டினார்கள். அவர் முகம் மலர்ந்தது. தொப்பியை எடுக்க வந்தபோது என்னைப் பார்த்தார். அப்போதுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கே உறைத்தது.

பொறியாளரின் பையைத் தூக்கும் கேடி அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "கோட்டத் தாண்டிட்டாரு, சரி. தண்ணி மேல பால் உருளுமா?" என்றார்.

அன்று மாலை கோல்ஃப் விதிகளின் கையேட்டை எடுத்தேன். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் புத்தகம். தேவைப்பட்ட பக்கங்களை மட்டும் இதுவரை அகராதி வைத்துப் படித்திருந்தேன். இப்போது முதலிலிருந்து படித்தபோது ஒரு விஷயம் கிடைத்தது. ஒரே போட்டியில் சிலர் முன்னாலிருந்தும் சிலர் பின்னாலிருந்தும் ஆடலாம். முன்னால் போகிறவருக்கு, அவர் திறமைக்கு ஏற்ப மொத்த எண்ணிக்கையில் கழித்துக் கொடுக்கும் சலுகை அடிகளில் சிலவற்றைக் குறைத்துவிட வேண்டும். எங்கள் மைதானத்துக்குக் கணக்குப் போட்டால் நான்கு அடி வந்தது. அதைச் செய்தால் சிவப்பில் நிற்பவர் யாருடைய பரிசையும் திருடவில்லை. வயதும் கேட்க வேண்டாம், தூரமும் அளக்க வேண்டாம். நாங்கள் இத்தனை நாள் அந்த நான்கை மட்டும் குறைக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

கேப்டன் ஒப்புக்கொள்வாரா என்பதுதான் சந்தேகம். அலமாரியில் இருந்த பழைய ஸ்கோர் அட்டைகளைப் புரட்டி, அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"ரெண்டு தடவ மாத்திட்டே. இது மூணாவது. கோமாளித்தனமா இல்ல?" என்றார்.

"சார், ஏழாவது குழிய மட்டும் பாருங்க." அட்டைகளை மேசையில் வைத்தேன். நாலைந்து அடியில் முடிய வேண்டிய குழிக்கு எட்டு, ஒன்பது, எட்டு. நான்காவதில் எண்ணே இல்லை. பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார் என்று அர்த்தம். நான்கும் கேப்டனுடைய அட்டைகள்.

அவர் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். "இதெல்லாம் எதுக்கு மேன் பத்திரமா வெச்சிருக்கே?"

"வெக்கச் சொன்னது நீங்கதான் சார்."

"யாருகிட்டயும் காட்டல இல்ல?"

"இல்ல சார்."

"சரி, ஒட்டு" என்றார்.

முதல் அடிக்கு முன் அட்டையில் வெள்ளை அல்லது சிவப்பு என்று அவரவர் கையால் எழுத வேண்டும், சிவப்பு என்றால் சலுகையில் நான்கு அடி குறையும், காரணம் யாரும் கேட்கக் கூடாது என்று அச்சடித்து ஒட்டினேன்.

ஞாயிறு காலை கேப்டன்தான் வரிசையில் முதலில் நின்றார். பேனாவை வாங்கிப் பெரிய எழுத்தில் சிவப்பு என்று எழுதினார். "வளையல் வெச்சிருக்கவன் கொண்டாடா, போட்டுக்கறேன்" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். சிரிப்பு எழுந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் சிவப்பு எழுதினார்கள். பொறியாளர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதி, அட்டையை மடித்துக் கொடுத்தார். அவர் போன பிறகு பிரித்தேன். 'வெ' என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு என்று எழுதியிருந்தார்.

பொறியாளரும் அந்த மூன்று பேரும் ஏழாவது குழிக்கு வரும் நேரத்தில் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற சாக்கில் அங்கே போனேன். வெள்ளையில் நின்ற இருவர் முதலில் அடித்தார்கள். ஒரு பந்து குளத்தில் விழுந்தது. பிறகு பொறியாளர் முன்னால் இறங்கி வந்தார். இரண்டு முறை வெறுமனே வீசிப் பார்த்தார். அடித்தார். பந்து உயரப் போகவில்லை. அக்கரைச் சரிவில் இறங்கி, பின்னோக்கி உருண்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே புல்லில் தங்கியது.

"சார், அது நிக்குது சார், உருண்டு உள்ள போறதுக்குள்ள ஓடிப் போயிடலாம் வாங்க" என்றார் கேடி அண்ணன். நான்கு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். யாரும் வாட்சைப் பார்க்கவில்லை.

பரிசு அவருக்கு இல்லை. பதினொன்றாவது வந்தார். அட்டையைக் கொடுக்க வந்தபோது கோபமாக இருந்தார்.

"நாலு அடிய வெட்டிட்டியே தம்பி. அது இருந்தா மூணாவது வந்திருப்பேன்."

"எல்லாருக்கும் அதே நாலுதான் சார்."

"அது சரி." வாசல் வரை போய்த் திரும்பினார். "அடுத்த மாசம் எங்க நாலு பேரையும் ஏழரைக்குப் போடு. ஆறு மணிக்குத் தோளு மடங்க மாட்டேங்குது."

ஏழரைக்கு எழுதிக்கொண்டேன்.