தலையாட்டியின் பழகும் வாரம்

வீட்டில் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். வைத்தது அக்கா. யார் எதைக் கேட்டாலும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அப்புறம் தனியாக உட்கார்ந்து முழிப்பது அவனுடைய பிறவிக் குணம். முடிவெட்டுகிறவர் "ஒட்ட வெட்டிடவா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி, கல்லூரி முதல் நாளில் மொட்டை மண்டையோடு போய் நின்றவன். ஒருமுறை பஸ்ஸில் யாரோ ஒருவர் அவனை வேறு யாரோ என்று நினைத்து, "அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டார். இறங்கும் வரைக்கும் நடக்காத ஆபரேஷனைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கல்லுக்குண்டாக இருந்த அவன் அப்பாவுக்கு அன்றைக்குத் தும்மல்கூட இல்லை.

"அவர் அவ்வளவு அக்கறையா கேட்டாருக்கா. நான் அவன் இல்லன்னு சொல்ல மனசு வரல" என்றான் வீட்டுக்கு வந்து.

"மனசு வரலையா, வாய் வரலையா?" என்றாள் அக்கா.

பேராசிரியர் ஒருவர், "வெளிநாட்டுல மூணு மாசம் தொண்டு வேலை. நடக்க முடியாதவங்க தங்கியிருக்கற இல்லம். போறியா?" என்று கேட்டபோதும் தலையை ஆட்டித்தான் அவன் விமானம் ஏறினான். அந்த நாட்டுப் பாஷையை இரண்டு வருடம் மாலை வகுப்பில் படித்திருந்தான். அவனுக்கு இருந்த தகுதி அது ஒன்றுதான். அங்கே எல்லோரும் பேசியது அந்தப் பாஷையில்தான் என்றாலும், நமக்குப் புரிய வேண்டுமே, நம் பேச்சில் போட்டுச் சொல்கிறேன்.

இல்லத்தை நடத்தி வந்த அம்மாளை, சமையல்காரரிலிருந்து டாக்டர் வரை எல்லோரும் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள். வந்திறங்கிய ஆறு மாணவர்களுக்கும் முதல் வாரம் பழகும் வாரம் என்று சொல்லிவிட்டார். அங்கே தங்கியிருந்தவர்கள் பக்கமே விடவில்லை. மணல் மூட்டைக்குச் சட்டை போட்டுக் கட்டிலில் கிடத்தி, அதைப் புரட்டி விரிப்பு மாற்றச் சொன்னார். இடுப்பில் பெல்ட் கட்டி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றச் சொன்னார். தலையாட்டி முதல் தடவை மூட்டையோடு சேர்ந்து கீழே விழுந்தான். துணி துவைக்கும் அறைக்கு மேலே இருந்த மாடியில்தான் ஆறு பேருக்கும் படுக்கை. கீழே மிஷின் சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து நடுங்கும்.

வாரத்தின் நடுவில் ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, துணையில்லாமல் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வரவேண்டும். என்ன ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது.

"ஆனா யாராவது கேட்டா உண்மையச் சொல்லிடணும்" என்றார் பெரியக்கா. "எனக்கு நடக்க முடியும், பயிற்சிக்காக உட்கார்ந்திருக்கேன்னு. அதுல மட்டும் விளையாடக் கூடாது. புரிஞ்சுதா?"

தலையாட்டி மற்ற ஐந்து பேரையும்விட வேகமாகத் தலையை ஆட்டினான்.

கடைத்தெருவுக்கு ஒரே ஏற்றம். பாதி ஏறுவதற்குள் உள்ளங்கை கன்றிப்போய், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாக்கடைக்கு மேலே போட்டிருந்த இரும்புக் கம்பிகளுக்கு நடுவே முன்சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். எழுந்து நாற்காலியைத் தூக்கி வைத்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் எழுந்திருக்கக் கூடாதே.

எதிரே பூட்டு ரிப்பேர் கடை. அதற்குள்ளிருந்து ஒருவர், அரத்தால் ராவிக்கொண்டிருந்த சாவியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். கடையில் ஆள் காத்திருந்தது. குனிந்து, மூச்சைப் பிடித்து, நாற்காலியை அவனோடு சேர்த்துத் தூக்கி வெளியே வைத்தார். அதோடு விட்டாரா? மேடு முடியும் வரை தள்ளிக்கொண்டு போய், சோப்புக்கடை வாசலில் நிறுத்தி, அவன் நெற்றி வேர்வையைத் தன் தோள் துண்டாலேயே துடைத்தார்.

"எப்பலேர்ந்து தம்பி இப்படி?" என்று கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அவருக்கு இன்னும் மூச்சு இறைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டவரிடம் 'எனக்கு நடக்க முடியும்' என்று சொன்னால், ஆளைக் கேலி பண்ணுகிற மாதிரி இருக்காதா? இன்னொரு தடவை பார்க்கவா போகிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷமா" என்றான். "பைக்ல விழுந்துட்டேன்."

பூட்டுக்காரர் நாற்காலிப் பிடியை விடவேயில்லை. கண் கலங்கிவிட்டது. "என் பையனும் உன் வயசுதான். கட்டட வேலைக்குப் போன இடத்துல சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல. சேர் வாங்கி மாசக்கணக்கா ஆச்சு, கதவுக்குப் பின்னாடி மடக்கியே கிடக்கு. தெருவுல நாலு பேர் பாப்பாங்கன்னு ரூமை விட்டு வர மாட்டேங்கறான். நீ கடல் தாண்டித் தனியா வந்திருக்கியே! வீட்டுக்கு ஒரு நட வா தம்பி. உன் மூஞ்சியக் காட்டினாப் போதும்."

தலையாட்டி என்ன செய்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் மத்தியானம், "இன்னும் கொஞ்சம் பழகிக்கறேன்" என்று பெரியக்காவிடம் நாற்காலியைக் கேட்டு வாங்கினான். அவர் பூரித்துப்போய், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், "இவனப் பாருங்க, ஒரு தடவை போதும்னு விடல" என்று சொல்லிவிட்டார். மற்ற ஐந்து பேரும் கை தட்டினார்கள்.

பூட்டுக்காரர் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. அவன் வருகிறான் என்று வாசற்படியில் புதுப்பலகை அடித்துச் சாய்வு போட்டிருந்தார். நாற்காலி திரும்ப இடம் வேண்டுமென்று அவர் மனைவி சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே தலையாட்டிக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. நாற்காலியில் வந்தவன் எப்படி ஓடுவது?

மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "போகச் சொல்லு" என்றான் அப்பாவிடம். அப்பாவும் அம்மாவும் வெளியே போனார்கள். பிறகு திரும்பாமலேயே கேட்டான்.

"ராத்திரியில உனக்குக் கால் எரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "எரியும்" என்றான்.

மகன் விருட்டென்று இந்தப் பக்கம் புரண்டான். "நெசமாவா? உணர்ச்சியே இல்லாத கால் எப்படிடா எரியும்னு எல்லாரும் கேக்கறாங்க. அப்பாகூட மனப்பிரமைங்கறாரு. எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சுன்னே நெனச்சிட்டிருந்தேன்."

அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது தலையாட்டி கூனிக் குறுகிப்போனான். அவனிடம் திருடிய பொருளை அவனுக்கே பரிசாகக் கொடுத்ததுபோல் இருந்தது. ஆனால் எடுத்த பொய்யைத் திரும்ப வைக்கிற இடம் எங்கே இருக்கிறது?

"மொத தடவை வெளிய போனப்ப எல்லாரும் பாத்தாங்களா?"

அன்று அவன் சொன்னதில் கலப்படமில்லாத பதில் இது ஒன்றுதான். "பாத்தாங்க. நல்லா முழிச்சுப் பாத்தாங்க. அப்புறம் அவங்கவங்க காய்கறிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

மகன் சிரித்தான். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு, அடுத்த அறையில் அவன் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போகலாம் என்று அவனே சொன்னான். "நீ வந்தா வர்றேன். அப்பா வேணாம். நாம ரெண்டு பேர் மட்டும்."

வெளியே வந்தபோது பூட்டுக்காரர் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அன்றிரவு தலையாட்டி, பெரியக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று படியிறங்கி, பாதியில் திரும்பி வந்து படுத்துக்கொண்டான். உண்மை தெரிந்தால் அந்தப் பையன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவானே என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். காரணம் நன்றாகத்தான் இருந்தது. தன் மானம் போகுமே என்ற பயம் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது அவனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை மகன் வந்துவிட்டான். தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை. பூட்டுக்காரர் கடைக்குள் நின்றுகொண்டு வேலை செய்கிற மாதிரி நடித்தார். கையில் சாவியே இல்லை, அரத்தால் காற்றை ராவிக்கொண்டிருந்தார். இரண்டு நாற்காலிகளும் கடைத்தெருவில் மெதுவாகப் போயின. ஜனங்கள் பார்த்தார்கள். மகன் காதோரம் சிவந்து, "முழிக்கறாங்கடா" என்றான். பழம் விற்கிற அம்மாள் அவனை அடையாளம் கண்டு, "பூட்டுக்காரர் மவனா! வந்துட்டியா ராசா!" என்று ஒரு பழத்தை மடியில் போட்டாள். அதற்கப்புறம் அவன் நிமிர்ந்துவிட்டான்.

திரும்பும்போதுதான் நடந்தது. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் மகன் பழத்தை வாயில் வைக்கச் சக்கரத்திலிருந்து ஒரு கையை எடுத்தான். நாற்காலி நழுவியது. பிரேக் எந்தப் பக்கம் என்று தேடினான். அதற்குள் வேகம் பிடித்துவிட்டது. "டேய்! டேய்!" என்று கத்தினான்.

கைக்கெட்டுகிற தூரம். எழுந்து தாவியிருந்தால் பிடித்திருக்கலாம். தலையாட்டியின் கால்கள் தாவத் தயாராகத்தான் இருந்தன. அந்த நேரத்தில் அவன் மனதில் முதலில் வந்தது அந்தப் பையன் இல்லை. 'எழுந்தால் தெரிந்துவிடும்' என்பதுதான் வந்தது. தன் நாற்காலியின் இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தான்.

கீழே நடைபாதை ஓரத்தில் மோதி நாற்காலி கவிழ்ந்தது. பூட்டுக்காரர் ஒரு கால் செருப்போடு ஓடி வந்து மகனை அள்ளினார். முழங்கையில் ரத்தம், தாடையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "பரவால்லப்பா, ஒண்ணுமில்ல" என்றான் மகன். அவனை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, பூட்டுக்காரர் மூச்சிறைக்க மேட்டில் ஏறித் தலையாட்டியிடம் வந்தார். இவன் தன் சக்கரங்களை இன்னும் விடவில்லை.

"நீ பதறாத தம்பி" என்று அவன் தலையைத் தடவினார். "உன் கண்ணு முன்னாடியே போச்சேன்னு மருகாத. உன்னால என்ன பண்ண முடியும், பாவம். கால் இருந்திருந்தா ஓடிப் போய்ப் புடிச்சிருக்க மாட்டியா?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

பழக்கார அம்மாள்தான் முதலில் கூவினாள். "ஐயோ, நிக்கிறானே! புள்ள எழுந்து நிக்கிறானே!" பூட்டுக்காரர் முகம் ஒரு கணம் பளிச்சென்று மலர்ந்தது. விழுந்துவிடப் போகிறான் என்று பதறி, இரண்டு கைகளாலும் அவன் தோளைத் தாங்கினார். "தம்பி! நிக்கிறியே தம்பி!"

"எனக்கு எப்பவுமே நடக்க முடியும் அண்ணே" என்றான் தலையாட்டி.

அவர் கைகள் தோளிலிருந்து உடனே இறங்கவில்லை. அது புரிவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், அவன் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்து நின்றான். அவர் இறங்கிப் போய் மகனைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். தலையாட்டி காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இல்லத்துக்கு நடந்தான். தெரு மொத்தமும் அவன் காலைப் பார்த்தது.

பெரியக்கா முழுவதையும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "உன்னத் திருப்பி அனுப்பறதா வேணாமான்னு அப்புறம் பாக்கறேன். மொதல்ல அந்த வீட்டுக்குப் போ. நடந்து போ. மன்னிச்சாத்தான் வருவேன்னு அங்க உக்காந்துடாத, சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வா" என்றார்.

மறுநாள் காலையில் போனான். பூட்டுக்காரர் கடையில் ஒரு பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவன் வந்து நின்றதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். "அண்ணே" என்றான். அவர் ஒரு திருகாணியைக் கழற்றித் தட்டில் போட்டார். உள்ளேயிருந்து மகன் குரல் கேட்டது. "யாருப்பா?"

"யாருமில்ல" என்றார் பூட்டுக்காரர்.

அதைவிட அவர் செருப்பால் அடித்திருக்கலாம் என்றிருந்தது தலையாட்டிக்கு. போய்விடலாம் என்று திரும்பினான். கால் வரவில்லை. "நான்தான்" என்றான், உள்ளே கேட்கும்படி. யாருக்கும் தலையாட்டாமல் அவனாகச் சொன்ன வார்த்தைகள் பிறந்ததிலிருந்து ஒன்றிரண்டுதான் இருக்கும், அதில் இது ஒன்று.

உள்ளே ஏதோ இடிபடுகிற சத்தம். மேசையில் மோதுகிறது, கதவில் மோதுகிறது, நடுவில் "விடும்மா!" என்று ஒரு கத்தல். பலகையில் சக்கரம் தடதடவென்று இறங்க, மகன் தெருவுக்கே வந்துவிட்டான். தலை சீவவில்லை. பழைய பனியன். யாரும் தள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்று பார்த்தது. அவனுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை.

"நடக்க முடியும்ங்கறத மறைச்சதுகூடப் போவுது" என்றான். "நான் விழுந்தேனே, பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியே, அதக்கூட விடு. கால் எரியும்னு சொன்னியே! நான் அத நம்பி எங்கப்பாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? பாத்தியா, அவனுக்கும் எரியுதாம், எனக்குப் பைத்தியமில்லன்னு சொன்னேன். இப்ப நான் யாரப் போயிக் காட்டறது?"

"தப்புதான்" என்றான் தலையாட்டி. "பயந்துட்டேன். உன்ன விட என் மானம் பெருசுன்னு நெனச்சிட்டேன். நான் சொன்னது பொய், உன் கால் எரியறது பொய்யில்ல."

பூட்டுக்காரர் கையில் பூட்டோடு வாசலில் வந்து நின்றிருந்தார். அவர் இவனைப் பார்க்கவில்லை. நடுத்தெருவில், தானாக வந்து நிற்கிற மகனின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ" என்றான் மகன்.

தலையாட்டி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான்.

"ஓடாத. மெதுவா நடந்து போ. நான் பாக்கணும்."

நடந்தான். ஒரு காலை எடுத்து வைத்து, மறு காலை எடுத்து வைத்து, குழந்தை பழகுகிற மாதிரி. முழங்கால் மடங்குவது, பாதம் ஊன்றுவது, எல்லாம் அந்தத் தெருவுக்கே கேட்பதுபோல் இருந்தது. தெரு முனை திரும்பும் வரைக்கும் பின்னால் சக்கரம் நகர்கிற சத்தம் வரவில்லை.