திங்கட்கிழமைக் குழி

1964 நவம்பர் 8. 41 பவுண்டு 10 ஷில்லிங்.
1969 மார்ச் 2. 63 பவுண்டு 4 ஷில்லிங்.
1974 ஜூன் 16. 118 பவுண்டு.
1981 ஜனவரி 23. 612 பவுண்டு 40 பென்ஸ்.

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் சங்கத்தில், இறந்தவரைக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வாளி ஏந்தியபோது விழுந்த தொகைகளில் நான்கு இவை. முதல் தொகையில் போனவர் லூக் கெவனி. அவர் தனியாகப் போனார். ஊருக்குக் கொடுத்த தந்தி ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்ததால், ரயில் நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. பால் கேன்களுக்கும் கோழிக்குஞ்சுக் கூடைகளுக்கும் நடுவில் மறுநாள் வரை பெட்டி நடைமேடையிலேயே கிடந்தது. நிலைய அதிகாரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனாராம். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

இந்தச் செய்தி ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தபோது சங்கக் கூடத்தில் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தேநீர்த் தட்டோடு நின்றிருந்த சபீனா முனெல்லி தட்டை மேசையில் வைத்தாள்.

"இனிமே யாரையும் தனியா அனுப்பக் கூடாது," என்றாள்.

தலைவர் டெர்மட் ஹோரன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கூடப் போறது யாரு? வேலைவெட்டி இல்லாத ஆள் யாராவது இருந்தா கை தூக்குங்கப்பா."

"நான் போறேன்."

"உனக்குத்தான் ஆஸ்பத்திரி வேலை இருக்கே?"

"லீவு போட்டா ஆஸ்பத்திரி ஒண்ணும் இடிஞ்சு விழாது. துணிதானே தொவைக்கிறேன், ஆபரேஷனா பண்றேன்?"

சபீனாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. மேயோவிலிருந்து பத்தொன்பதாவது வயதில் வந்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, பேருந்து நடத்துநரான கணவன், இரண்டு பிள்ளைகள். அன்று முதல் சங்கம் அனுப்பிய ஒவ்வொரு பெட்டியோடும் அவள் போனாள். முதல் பயணத்துக்கு இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் பிறகு விலை கொடுத்து வாங்கிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு இன்னும் புதுசா இருக்கு. சாவுக்கு எடுத்ததுதான் முழங்கையில தேஞ்சுபோச்சு," என்பார் கணவர்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வழியெல்லாம் பெட்டியோடு பேசிக்கொண்டே வருவாள். எந்த ஊர் தாண்டியிருக்கிறது, மழை விட்டதா, கடல் எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவாள். ஊர் எல்லையில் காத்திருக்கும் அண்ணனிடமோ மகனிடமோ, "இந்தாங்க, உங்க ஆளு. பத்திரமா கொண்டுவந்து சேர்த்துட்டேன்," என்று ஒப்படைத்த பிறகுதான் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள்.

1981 ஜனவரியில் கொண்டுபோகவேண்டியிருந்தவர் மாலக்கி லாவெல். அவரை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

மாலக்கி சாலைக்கும் சுரங்கத்துக்கும் மண் வெட்டிப் பிழைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கக் கூடத்தில் மது விற்கும் மேடையின் சுவரோர முனைதான் அவருடைய இடம். ஒவ்வொரு வாளியிலும் பணம் போடுவார். யார் ஊருக்குப் போனாலும் நல்லபடியாகப் போய் வரச் சொல்லுவார். தன் ஊரைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான், வெளுத்த விரிப்புகளோடு வார்டுக்கு வந்த சபீனாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கிளான்பிராக். அதான் என் ஊரு. அங்க எங்கம்மா பக்கத்துல என்னைப் போடுவியா?"

"போடுறேன்."

"சும்மா சொல்லாத."

"நான் எப்ப சும்மா சொல்லியிருக்கேன்? ஊர்ல யாருக்குச் சொல்லி அனுப்பணும், சொல்லுங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "யாருக்கும் வேணாம். யாரும் வர மாட்டாங்க. பெத்தவ சாவுக்கு வராதவன் நான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். 1938-இல் அவருடைய அம்மா இறந்தபோது அவர் அணைக்கட்டு வேலைக்கு ஸ்காட்லாந்து போயிருந்தார். மூன்று மாதம் கழித்து, மேயோக்காரன் ஒருவன் சாப்பாட்டு இடைவேளையில், "உங்கம்மா போனதுக்கு வருத்தம்ப்பா," என்றான். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மண்வெட்டியைக் கீழே வைக்காமல் சாயங்காலம் வரை வெட்டினாராம். ஒரே மகன். ஊர் முழுக்கக் குழியைச் சுற்றி நின்றிருக்கும், அவன் எங்கே என்று கேட்டிருக்கும். அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது என்று முதல் வருஷம் போகவில்லை. இரண்டாம் வருஷம், முதல் வருஷம் போகாத வெட்கமும் சேர்ந்துகொண்டது. நாற்பத்துமூன்று வருஷம் இப்படியே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மாலக்கி இறந்தார். வெள்ளிக்கிழமை சங்கத்தில் வாளி ஏந்தினார்கள்.

"மாலக்கி உனக்கு வாங்கிக் குடுத்த பீரையெல்லாம் நெனச்சுப் பாத்துப் போடு," என்றார் டெர்மட், வாளியை ஒருவன் மூக்குக்கு நேராக நீட்டி.

"நான் அவனுக்கு வாங்கிக் குடுத்ததுதான் ஜாஸ்தி."

"அப்ப அந்தப் பாக்கிய மேல போய் அவன்கிட்டயே கேட்டுக்கோ. இப்ப நோட்ட எடு."

அந்தக் குளிர்காலத்தில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. இருந்தும் அதுவரை எந்த வாளியிலும் விழாத தொகை விழுந்தது. உறவு இல்லாதவன் என்பதால் எல்லோரும் உறவுக்காரர்களாகிவிட்டார்கள்.

சபீனா கிளான்பிராக் பங்குச் சாமியாருக்குத் தொலைபேசியில் பேசினாள். அவர் ஆப்பிரிக்காவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு அந்தப் பங்குக்குப் புதிதாக வந்தவர். "லாவெல் வீடுன்னு இங்க ஒண்ணும் இல்லம்மா. இடிஞ்ச சுவர்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசையில பேரை வாசிக்கிறேன். வர்றவங்க வரட்டும்," என்றார். அடக்கம் திங்கட்கிழமை மதியம் என்று முடிவாயிற்று. பிண ஊர்தி ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

ஊர்தியை ஓட்டியவர் ஆர்தர் சைக்ஸ். பிறந்தது முதல் ஹடர்ஸ்ஃபீல்டைவிட்டு நகராத யார்க்ஷயர்க்காரர். ஹோலிஹெட் துறைமுகம் வரை மழை. கப்பலில் வண்டிகள் நிற்கும் தளத்தில் பயணிகள் இருக்கக் கூடாது என்பது விதி. சபீனா கப்பல்காரனிடம் கெஞ்சவில்லை. "அவர் தனியா இருக்க மாட்டார்," என்று மட்டும் சொன்னாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கவிழ்த்த வாளி ஒன்றைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "உக்காருங்க. நான் உங்களைப் பாக்கவே இல்ல."

போகிறபோக்கில், "நாளைக்குத் திங்கக்கிழமை, எனக்கு லீவு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சபீனா உட்கார்ந்த வாளியிலிருந்து எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை குழி தோண்டக் கூடாது. மேயோவில் பிறந்த எவருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. தோண்டினால் அந்த வருஷத்துக்குள் இன்னொரு சாவு விழும் என்பார்கள். திங்கட்கிழமை அடக்கம் செய்தே ஆகவேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமையே யாராவது போய் மண்வெட்டியால் ஒரு புல்கட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டு வர வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் குழி ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதாகிவிடும். அதைச் செய்வது வீட்டு ஆள் அல்லது பக்கத்து வீட்டுக்காரர். மாலக்கிக்கு வீடும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. புதுச் சாமியாருக்கு இது தெரிய வழியில்லை. இத்தனை பெட்டிகளோடு போய் வந்தவள், ஊர்தி கிடைத்த சந்தோஷத்தில் கிழமையைக் கவனிக்காமல் நாள் குறித்துவிட்டாள்.

"மாலக்கி, தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் பெட்டியிடம். அதற்குமேல் கடல் முடியும் வரை அவள் பேசவில்லை.

டப்ளினில் இறங்கியதும் சாமியாருக்குத் தொலைபேசியில் முயன்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரவு பெட்டியை அங்கே ஒரு தேவாலயத்தில் வைத்திருந்து, காலையில் அதோடு மேற்கே கிளம்பினார்கள்.

"என்ன அம்மணி, வாயையே திறக்க மாட்டேங்குறீங்க?" என்றார் ஆர்தர்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். "எங்க ஊர்ல முனிசிபாலிட்டி மெஷின் வந்து தோண்டும். அதுக்குக் கிழமை தெரியாது."

"இங்க மெஷின் இல்ல. மனுஷங்கதான். மனுஷங்க வராட்டி குழியே இருக்காது, ஆர்தர். இவர் தேவாலயத்து வாசல்ல கிடப்பார், லூக் கெவனி கிடந்த மாதிரி."

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மலைப்பாதை இறங்கி, கரிய சேற்றுநிலத்தின் நடுவே கிளான்பிராக் சாலைக்கு வந்தார்கள். முதல் வீட்டு வாசலில் ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அடுத்த வாசலில் கணவனும் மனைவியும். அதற்கடுத்து ஐந்து பேர். பால் வண்டி ஒன்று ஓரம் கட்டியிருந்தது, ஓட்டுநர் இறங்கி நின்றிருந்தான். பள்ளிக்கூடச் சுவரையொட்டிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தபால் நிலையம் மூடியிருந்தது. கடைக் கதவும் அடைத்திருந்தது.

ஆர்தர் வண்டியை மெதுவாக்கினார். "இன்னிக்கு இங்க சந்தையா?"

பக்கவாட்டுக் கண்ணாடியில் சபீனாவின் கண் நிலைத்திருந்தது. ஊர்தி தாண்டிப் போனதும் ஒவ்வொரு வாசலில் நின்றவர்களும் சாலையில் இறங்கிப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். வளைவுக்கு வளைவு கூட்டம் நீண்டுகொண்டே வந்தது. மழையில் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வளைவில் திரும்பியபோது சாலை பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பாக இருந்தது.

"கடவுளே," என்றார் ஆர்தர். "இவர் யாரு அம்மணி? எங்கிட்ட மண் வெட்டுறவர்னுதானே சொன்னாங்க?"

"மண் வெட்டுறவர்தான்."

பாலத்தருகே ஆட்கள் ஊர்தியை நிறுத்தினார்கள். அங்கிருந்து தோளில்தான் தூக்குவார்கள். நான்கு பேர் கொஞ்ச தூரம் தூக்கியதும் அடுத்த நான்கு பேர் கேட்காமலே தோள் கொடுத்தார்கள். மாலக்கி ஊரைவிட்டுப் போனபோது பிறந்திராதவர்களே அவர்களில் அதிகம். தூக்குவதற்கு வரிசையில் நின்றார்கள் என்று சொல்லலாம். ஒவ்வொரு தோளும் பெட்டியைத் தொடவேண்டும் என்பதுபோல அவ்வளவு அடிக்கடி மாற்றினார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு ஆர்தரும் ஒரு முறை போய்த் தோள் கொடுத்தார்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் முதல் வீட்டுக் கிழவர் சபீனாவின் பக்கத்தில் வந்து நின்றார். ஃபெஸ்டி டீன் என்று பெயர் சொன்னார். எழுபது வயதைத் தாண்டியவர்.

"நீதான் கூட்டிட்டு வந்த பொண்ணா?"

"ஆமா. ஐயா, இன்னிக்குத் திங்கக்கிழமை. நான்தான் நாளைத் தப்பா வச்சுட்டேன். குழி…"

"அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் ஃபெஸ்டி. "நேத்துப் பூசையில பேரை வாசிச்சதும் எந்திரிச்சவன் நான். சாமியார் இன்னும் பிரசங்கம் பண்ணிட்டிருந்தார். அவருக்குக் கோவம். புரட்டிப் போட்டுட்டுத் திரும்பி வந்தேன், அப்பவும் பிரசங்கம் முடியல."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

குழி சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் மாலக்கியின் அம்மாவின் கல். அந்தத் தோட்டத்தில் கல்லறைகள் நெருக்கி அடித்துக் கிடந்தன. சிலவற்றின் நடுவே கால் வைக்கக்கூட இடமில்லை. இந்தக் கல்லின் வலப்பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் புல் இருந்திருக்கிறது. விளிம்பில் அடுக்கியிருந்த புல்கட்டிகள் ஒருபோதும் கிளறப்படாத மண்ணின் புல் என்பதை சபீனா பார்த்தாள்.

"இந்த இடம் எப்படிச் சும்மா கிடந்துச்சு?"

"சும்மா கிடக்கல. இது மாலக்கியோட இடம்."

"ஊரே நெருக்கியடிச்சுக் கிடக்கு. யாரும் கேக்கலையா?"

"எங்கண்ணன் செத்தப்ப எங்களுக்கே இடம் பத்தல. நாங்க சுவருக்கு அந்தப் பக்கம் போயிட்டோம். அடுத்தவன் இடத்த எப்படி எடுக்குறது?"

சபீனாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அம்மா சாவுக்கு வரலன்னு அவர் மேல ஊருக்குக் கோவம் இல்லையா?"

ஃபெஸ்டி அவளைப் புரியாமல் பார்த்தார். "கோவமா? எதுக்கு? நாங்க குடுத்த தந்திதான் அவன் கைக்கே போகலையே, பொண்ணே. ஆள் இடம் மாறிப் போயிட்டான்னு ஒரு வாரத்துல திரும்பி வந்துருச்சு. அன்னிக்கே ஊருக்கெல்லாம் தெரியும். பாவம், யார் சொல்லப்போறா அவனுக்குன்னு நாங்கதான் வருத்தப்பட்டோம். வந்தா சொல்லலாம்னு இருந்தோம். வரவே இல்ல."

சபீனா பெட்டியின் பக்கம் திரும்பினாள். கயிறுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து, பலகையின்மேல் கையை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஃபெஸ்டி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மாலக்கியிடம் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை கயிறு பிடித்த ஆட்கள் காத்திருந்தார்கள். பின்னால் நின்ற அத்தனை பேரும் மழையில் அசையாமல் நின்றார்கள்.

பிறகு எழுந்து, "இந்தாங்க, உங்க ஆளு," என்றாள்.

"எங்க ஆளுதான்," என்றார் ஃபெஸ்டி.

மண்ணை ஊர்க்காரர்களே தள்ளி மூடினார்கள். அன்று சபீனா பதினோரு வீடுகளில் தேநீர் குடிக்கவேண்டியிருந்தது. ஆர்தர் எத்தனை வீட்டில் என்ன குடித்தார் என்பதற்குக் கணக்கு இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டு திரும்பியதும் அவர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தார். மேயோவில் பிறக்கவில்லை என்று ஒருவர் ஆட்சேபித்தார். "தோள் குடுத்திருக்கான்ல, உக்காருய்யா," என்று டெர்மட் அவரை அடக்கினார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஃபெஸ்டி டீன் கல்லறையின் நிலையைப் பற்றிச் சபீனாவுக்கு நாலு வரி எழுதினார். புல் வெட்டியாயிற்று, மண் அமுங்கிச் சமமாகிவிட்டது, கல்லில் பெயர் வெட்டியாயிற்று என்று இருக்கும். சங்கக் கூட்டத்தில் அவள் அதை எழுந்து நின்று படிப்பாள். மது மேடையின் சுவரோர முனையில் அப்போது யாரும் உட்காருவதில்லை. கடைசியாக வந்த கடிதத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இனிமேல் அந்த இடத்தைத் தன் தங்கை மகன் பார்த்துக்கொள்வான் என்றும், அவனுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தாயிற்று என்றும், மாலக்கி நன்றாக இருக்கிறான் என்றும் ஃபெஸ்டி எழுதியிருந்தார். அந்தக் கடிதம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தது 1989 பிப்ரவரி 2, வியாழக்கிழமை.