கிள்ளான் மேடை ஏன் சாய்ந்தது?

என் மனைவி லோகேஸ்வரியோடு வெளியே சாப்பிடப் போவது ஒரு தண்டனை. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் நான் மீன் குழம்பைத் தேடுவேன். அவள் தலைக்கு மேல் சுற்றும் காற்றாடி எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று அண்ணாந்து பார்ப்பாள். கொக்கி பிடிக்கவில்லையென்றால் மேசை மாற வேண்டும். இப்படி மாறி மாறி ரசம் ஆறிப்போன நாள்கள் ஏராளம். அவள் பொறியாளர்தான், ஆனால் எதையும் கட்டமாட்டாள். மற்றவர்கள் கட்டியது விழுந்த பிறகு போய், ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

போன வருஷம் கிள்ளானில் ஒரு நிச்சயதார்த்த மேடை சரிந்தது. மண்டபத்துக்கு நஷ்டஈடு தர வேண்டிய காப்புறுதிக்காரர்கள் அவளை அனுப்பினார்கள். சனிக்கிழமை என்பதால் காரோட்டியாக நானும் போனேன்.

மேடை போட்டவர் பண்டமாரானைச் சேர்ந்த சுகுமாறன். கல்யாணங்களுக்கு மேடை வாடகைக்கு விடுபவர். அன்று நிச்சயம் ஆனது அவருடைய சொந்த மகள் வாணிக்கு. முழங்கால் உயர மேடைதான் என்பதால் யாருக்கும் பெரிய அடியில்லை. மாப்பிள்ளை தனேஷின் அம்மா புனிதாவுக்கு மட்டும் கணுக்கால் சுளுக்கு. அந்தம்மா சுளுக்கோடு விடவில்லை.

"சொந்த மகளுக்கே ஓட்டை மேடை போடுறவரு வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தனேஷ் கெஞ்சியும் பலனில்லை. வாணி அழுதழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

"என் இரும்புல கோளாறு இல்லைங்க மேடம்" என்றபோது சுகுமாறனின் குரல் உடைந்தது.

"இருந்தா இருக்குன்னுதான் எழுதுவேன், அண்ணே" என்றாள் லோகேஸ்வரி. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழுந்த மேடையை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். மண்டபத்து ஆட்கள் வேடிக்கை பார்க்கத் தரையில் படுத்துப் பார்த்தாள். இரும்புத் துண்டுகளைச் சுபாங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். சில நாளில் முடிவு வந்தது: துருவும் இல்லை, பற்றவைப்பில் குறையும் இல்லை. ஆனால் மேடைக் கால்கள் எல்லாம் ஒரே பக்கமாக மடங்கியிருந்தன.

"பாரம் தாங்காம உட்காரலைங்க. பக்கவாட்டுல யாரோ தள்ளியிருக்காங்க" என்றாள் என்னிடம், யோசனையோடு.

அன்று இரவு வீட்டில், விருந்தினர் கைப்பேசியில் எடுத்த காணொளியைச் சத்தமில்லாமல் ஓட்டினாள். உருமி மேளம் முழங்கியதும் இரண்டு வீட்டுச் சனமும் மேடையேறி ஆடுகிறது. உருமி கேட்டால் நம்மவர்களுக்குக் கால் நிற்குமா? சத்தம் இல்லாததால் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தனை பேரும் ஒன்றாக இடப்பக்கம், ஒன்றாக வலப்பக்கம். முன்னால் நின்று ஆட்டத்தை நடத்தியது சாட்சாத் புனிதா. லோகேஸ்வரி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து ஒரு தடவைகூட அப்படித் துள்ளியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுகுமாறனின் பட்டறை வாசலில் அதேபோல் இன்னொரு மேடை. லோகேஸ்வரி தனேஷிடம் சொல்லி அவன் அம்மாவையும் வரவழைத்திருந்தாள். முதலில் அன்றைய கூட்டத்தைவிட அதிகப் பாரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கினாள். மேடை அசையவில்லை. பிறகு மூட்டைகளை இறக்கி, மேடை விழாமலிருக்க முட்டுக் கொடுத்து, வாணியின் சொந்தக்காரர்களையும் என்னையும் ஏற்றினாள். உருமி அதிர்ந்தது. ஆளுக்கொரு பக்கம் ஆடினோம். மேடை லேசாக முனகியதோடு சரி. சுகுமாறனின் முகம் செத்துப்போனது. ஆட்டத்துக்கும் சாயவில்லையென்றால் பழி திரும்பவும் அவர் இரும்பின் மேல்தானே விழும்?

கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த புனிதாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, என்ன ஆட்டம் லா இது? என் கையப் பாருங்க!" என்று தட்ட ஆரம்பித்தார். "இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!"

கூட்டம் அவர் கைக்குக் கட்டுப்பட்டது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளத் தள்ள வீச்சு கூடுமே, அப்படி ஒவ்வொரு அடிக்கும் மேடை கூடுதலாக ஆடியது. முட்டில் போய் டமார் டமார் என்று இடித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இறங்கவே மனமில்லை.

"போதும், இறங்குங்க!" என்று லோகேஸ்வரி கத்தினாள். பிறகு புனிதாவிடம் போனாள். "சும்மா நின்னா தாங்கும், ஆன்டி. எல்லாரும் ஒரே தாளத்துல பக்கவாட்டுல ஆடினா இந்த மாதிரி மேடை சாயும். இரும்புல குறையில்ல. அன்னைக்கு ஆட்டத்த நடத்துனது நீங்க."

தனேஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். புனிதா மேடையைப் பார்த்தார், தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"நான் ஆடியா இரும்பு சாஞ்சிச்சு?"

"ஆமா, ஆன்டி."

அந்தம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பிலேயே கண் கலங்கியது. "தனேஷோட அப்பா இருந்த வரைக்கும் என்னைய ஆட விட்டதே இல்ல. புள்ள நிச்சயத்துலதான் ஆச தீர ஆடினேன். அதுவும் பாதியில கெட்டுப்போச்சேன்னுதான் அவ்வளவு ஆத்திரம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுகுமாறன் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, கல்யாணத்துக்கு மேடையே வேணாம். தரையிலயே வச்சிருங்க. நான் முழுசா ஆடணும்."

சுகுமாறன் "சரிங்க" என்று சொல்லப் பார்த்தார். அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால் குழந்தை மாதிரி அழுதார்.